புகைமூட்டத்தைச் சங்கங்கள் குறைத்தனவா, மழை குறைத்ததா?

வாசகர் கேள்வி: 2023 அக்டோபர் 8, காலை

நேற்று இந்தோனேசியாவில் எரியும் தீயின் புகையால் சிங்கப்பூரின் 24 மணிநேரக் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டி, ஆரோக்கியமற்ற நிலைக்குப் போய்விட்டது. 2019க்குப் பிறகு இப்படி ஆவது இதுவே முதல் முறை. நான் பல ஆண்டுகளாக ஒரு சுற்றுச்சூழல் சங்கத்துக்கு மாதம் 20 வெள்ளி கொடுத்து வருகிறேன். இவர்களால் ஒரு நாளாவது காற்று சுத்தமானது உண்டா? சுற்றிவளைக்காமல் பதில் வேண்டும்.

2023 அக்டோபர் 8, இரவு

இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

2013 ஜூன் 21 அன்று நண்பகலில் 24 மணிநேரக் குறியீடு 401ஐத் தொட்டபோது நான் தோ பாயோவில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப் புளோக்கின் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும் எண் தெரியவில்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது, ஆஸ்துமா வேறு. சன்னல் இடுக்குகளில் ஈரத் துண்டைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தோம். 2015இல் அதைவிட நீண்ட நாள் புகை நின்றது. செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளிகளையும் உயர்நிலைப்பள்ளிகளையும் மூடினார்கள். இரண்டு முறையும் புகையை விரட்டியவை மழையும் காற்றின் திசையும்தான். சங்கங்கள் முகக்கவசம் கொடுத்தன, பதாகை பிடித்தன, கையெழுத்து வாங்கின. அந்தக் கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று.

2023 அக்டோபர் 9

முதலில் ஒரு திருத்தம். 401 என்பது 3 மணிநேரக் குறியீடு; 24 மணிநேரச் சராசரி அவ்வளவு உயரம் போகவில்லை. அப்போதைய குறியீட்டில் பிஎம் 2.5 நுண்துகள் சேர்க்கப்படவும் இல்லை. 2014 ஏப்ரலில்தான் சேர்த்தார்கள். பத்து ஆண்டுகளாக நான் எல்லாரிடமும் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2023 அக்டோபர் 11

8ஆம் தேதி இரவு எழுதியதை மூன்று நாளாக அசைபோட்டுப் பார்த்ததில், 'ஒரு நாள்கூட இல்லை' என்று நான் அடித்துச் சொன்னது பாதிதான் சரி என்று படுகிறது. காற்றைச் சங்கங்கள் சுத்தப்படுத்தவில்லை என்பதில் மாற்றமில்லை. ஆனால் இந்தப் புகை பிறப்பது காற்றில் அல்லவே, தண்ணீர் வற்றிய நிலத்தில் அல்லவா? அங்கே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்ததை மறந்துவிட்டுக் கோபத்தில் எழுதிவிட்டேன்.

2017இல் ஒரு தொண்டூழியர் குழுவோடு இரவுப் பேருந்தில் சிலாங்கூருக்குப் போனேன். கோலசிலாங்கூர்ப் பக்கம் ராஜா மூசா வனக்காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே சிலாங்கூர் வனத்துறையோடு சேர்ந்து குளோபல் என்வைரன்மென்ட் சென்டர் என்ற மலேசியத் தொண்டு அமைப்பு 2008 முதல் கரிச்சதுப்பு நிலத்தை மீட்டு வருகிறது. மலாயில் இந்த நிலத்துக்குப் பெயர் 'தானா காம்புட்'. அதை மண் என்று சொல்வதே பிழை. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்து, முழுவதும் மக்காமல் கிடக்கும் இலையும் வேரும் கட்டையும்தான் அது. பாமாயில் தரும் செம்பனை நடவும், தாள் ஆலைக்கான மரங்கள் நடவும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால், அந்த நிலம் முழுவதும் விறகாகிவிடும். அதில் ஒரு பொறி விழுந்தால் சுடர் எழும்பாது. ஊரில் உமி மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் புரியும்; மேலே சாம்பல், உள்ளே நெருப்பு, நாள்கணக்கில் புகை. ஹெலிகாப்டரில் நீர் கொண்டுவந்து கொட்டினாலும் மேற்பரப்பு நனையும், அடியில் கனன்றுகொண்டே இருக்கும்.

அங்கே என் முழங்கால் வரை கால் புதைந்தது. வாய்க்கால் நீர் கடுந்தேநீர் நிறம். வனக்காவலர் ஒருவர், பக்கவாட்டில் துளைகள் போட்டு நிலத்தில் இறக்கியிருந்த ஒரு பிவிசி குழாய்க்குள் அளவுநாடாவை விட்டு, நனைந்த இடத்தை விரலால் பிடித்துக் காட்டினார். நிலத்தடி நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது அவ்வளவு எளிமையாகத் தெரிந்துவிடுகிறது. இந்தோனேசிய அரசு விதியின்படி அது மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. வாய்க்காலின் குறுக்கே மரக்கட்டையும் மண்மூட்டையும் போட்டு அடைத்தால் நீர் மேலே வரும். நீர் மேலே வந்தால் நிலம் எரியாது. வேலை என்றால் இதுதான் வேலை. தீயணைப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

2023 அக்டோபர் 12

'அது மலேசியா, நமக்குப் புகை வருவது சுமத்ராவிலிருந்து' என்று ஒருவர் மடக்குகிறார். சரிதான். சுமத்ராவையே எடுத்துக்கொள்வோம்.

ரியாவ் மாநிலத்தில் சுங்கை தோஹோர் என்று ஒரு கிராமம் உண்டு. அங்கே மக்கள் நடுவது சேகோ பனை. அந்தப் பனைக்கு ஈரச் சதுப்பே போதும், வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டியதில்லை. சுற்றிலும் பெரிய நிறுவனங்கள் வெட்டிய வாய்க்கால்களால் நிலம் காய்ந்து எரிந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் தொடங்கிய மனுவின் பேரில் 2014 நவம்பரில் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோ நேரில் போய், வாய்க்காலை அடைக்கும் வேலையில் தாமும் கைவைத்தார். பிறகு நம் சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய பிஎம் ஹேஸ் என்ற சிறு அமைப்பும் அங்கே தடுப்பணை கட்டக் கைகொடுத்தது. நாலைந்து பலகை அணைகளால் சிங்கப்பூரின் குறியீடு இறங்கியது என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் நிரூபிக்க முடியாது. எரியாமல் போன நிலத்துக்குப் படம் எடுக்க முடியாது என்பதுதான் இந்த வேலையின் சாபக்கேடு.

இடையில் ஒன்று. நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி இப்போது பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கு மாவு. அசல் ஜவ்வரிசி இந்தச் சேகோ பனையின் சோற்றிலிருந்து வருவது. 'ஜாவா அரிசி'யே ஜவ்வரிசி ஆனது என்று சொல்வாரும் உண்டு. புகையில்லாப் பாயசம் வேண்டுவோர் கவனிக்கலாம்.

2023 அக்டோபர் 14

எண்கள் கேட்டவருக்கு: இந்தோனேசிய அரசுக் கணக்கின்படி 2015இல் எரிந்தது ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர், 2019இல் 16 லட்சத்துக்கு மேல். இரண்டும் வறட்சி ஆண்டுகள். 2015இல் அந்நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பை உலக வங்கி 1,600 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டது. அதற்குப் பிறகு 2016 சனவரியில் கரிச்சதுப்பு நில மீட்பு முகமை அமைத்தார்கள். 2011இல் தற்காலிகமாகப் போட்ட, காட்டையும் கரிச்சதுப்பு நிலத்தையும் அழிக்கப் புதிய உரிமம் வழங்குவதற்கான தடையை 2019இல் நிரந்தரமாக்கினார்கள். இவற்றை எல்லாம் சங்கங்கள்தான் செய்தன என்று சொன்னால் அது புளுகு. சங்கங்கள் இல்லாமலே நடந்திருக்கும் என்றால் அதுவும் புளுகு.

2023 அக்டோபர் 22

வேறொரு விஷயம், ஆனால் இதே விஷயம்தான். எங்கள் குழுவில் சிலர் சேர்ந்து கையடக்கமான நுண்துகள் அளவி ஒன்றை வாங்கி, வாரத்துக்கு ஒருவர் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். போன வெள்ளிக்கிழமை அது என் முறை. வெளியே புகை என்று சன்னல்களை எல்லாம் அடைத்திருந்தோம். மாலை ஏழு மணிக்கு அளவியின் எண் திடீரென்று ஏறத் தொடங்கி, வெளியே இருப்பதைப்போலப் பல மடங்கு ஆகிவிட்டது. இந்தோனேசியாவில் ஏதோ பெரிதாகப் பற்றிக்கொண்டது என்று பதறி வரவேற்பறைக்கு ஓடினால், அம்மா சாம்பிராணித் தட்டோடு மூலைமூலையாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். அன்று எங்கள் வீட்டுப் புகைமூட்டத்துக்கு எந்த அண்டை நாடும் பொறுப்பல்ல.

அம்மாவிடம் எண்ணைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது சாமிக்குப் போடுற புகைடா, அதையுமா இந்த மெசின் கணக்கு எடுக்குது?" என்றார். இப்போது சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு போடுகிறார். ஒரு சங்கமும் ஒரு துண்டறிக்கையும் செய்யாததை அந்தச் சிறு பெட்டி பத்து நிமிடத்தில் செய்துவிட்டது. அந்தப் பெட்டியை எங்கள் கைக்குக் கொண்டுவந்தது ஒரு சங்கத்தின் பயிலரங்கு என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

2023 அக்டோபர் 23

இவ்வகை மலிவான அளவிகள் ஒளிச்சிதறலை வைத்துத் துகளை எண்ணுவதால், காற்றில் ஈரப்பதம் மிகும்போது நீர்த்துளியையும் துகளாக எண்ணி, உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது பொய் சொல்ல நிறையவே வாய்ப்புண்டு. ஆகவே அதன் எண்களை நான் இங்கே போடவில்லை, போடப்போவதுமில்லை. ஏறியதா இறங்கியதா என்பதற்கு மட்டும் அதை நம்பலாம். மற்றதற்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஒரு மணிநேர பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். வெளியே ஓடப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க 24 மணிநேரக் குறியீட்டைவிட அதுவே உதவும்.

2023 நவம்பர் 5

தீபாவளிக்கு ஒரு வாரம். லிட்டில் இந்தியாவில் தேக்கா முழுவதும் முறுக்கு எண்ணெய் வாசம். இந்த வாசத்தில்தான் எனக்குத் தொண்டூழியத்தின் மேல் முதல் சலிப்பு வந்தது என்பதால் அதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு (பெயர் வேண்டாம்) எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து உணவுக்கடைகளுக்கு அனுப்பியது. கடைக்காரர்கள் என்ன எண்ணெய் வாங்குகிறார்கள் என்று கேட்டு, காட்டை எரிக்காமல் விளைந்ததாகச் சான்றளிக்கப்பட்ட செம்பனை எண்ணெய்க்கு மாறச் சொல்ல வேண்டும். கையில் வழவழப்பான துண்டறிக்கை, அதில் ஒராங் ஊத்தான் படம். சிராங்கூன் சாலைக்குக் குறுக்கே போகும் தெரு ஒன்றில், பின்கட்டில் பலகாரம் போடும் ஒரு கடை. முதலாளி அண்ணன் முறுக்கு உழக்கைப் பிழிந்துகொண்டே நான் பேசியதை முழுவதும் கேட்டார். பக்கத்தில் 17 கிலோ எண்ணெய் டின்கள் மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாக. வாய் திறந்த டின்னின் ஓரத்தில் எண்ணெய் உறைந்து மஞ்சள் மெழுகாக ஒட்டியிருந்தது. பிழிந்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் நல்ல விஷயம்தான் தம்பி. டின்னுக்கு எவ்வளவு கூடும்?"

எனக்குத் தெரியவில்லை. என்னோடு வந்த மாணவிக்கும் தெரியவில்லை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. துண்டறிக்கையின் முன்னும் பின்னும் பார்த்தேன். காட்டின் பரப்பு இருந்தது, குரங்கின் எண்ணிக்கை இருந்தது, விலை இல்லை. அவர் எங்களைத் திட்டவில்லை. ஆளுக்கு இரண்டு சூடான முறுக்கு கொடுத்து அனுப்பினார். அந்த முறுக்கைத் தின்றுகொண்டே நடந்தது இன்றும் கூச்சமாக இருக்கிறது.

2023 நவம்பர் 7

'சான்றளிக்கப்பட்ட எண்ணெய்' என்றால் என்ன என்று கேட்டவருக்கு. செம்பனைத் தொழிலில் ஆர்எஸ்பிஓ எனப்படும் வட்டமேசை அமைப்பு 2004இல் தொடங்கியது, நிறுவனங்களோடு டபிள்யூ.டபிள்யூ.எஃப். போன்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கியது. அதில் பல தரம் உண்டு. முற்றிலும் தனியாகப் பிரித்து வைத்த எண்ணெய் ஒன்று. இன்னொன்று கலப்புக் கணக்கு. இதை ஊர்ப் பால் சங்கத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம்: நல்ல மாட்டின் பாலும் மற்ற மாட்டின் பாலும் ஒரே கேனில்தான் விழுகின்றன, ஆனால் நல்ல பால் எத்தனை படி உள்ளே போனதோ அத்தனை படிக்கு மட்டுமே 'நல்ல பால்' என்ற சீட்டு வெளியே போகும். உங்கள் டம்ளரில் விழுந்தது எந்த மாட்டுப் பால் என்று கேட்கக்கூடாது. இது ஏமாற்று வேலை என்று நான் முன்பு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தனிக் குழாய், தனித் தொட்டி என்று போனால் சிறு கடைக்காரருக்கு அது கட்டுப்படியே ஆகாது.

2024 சனவரி 21

பொங்கல் வேலைகளில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. இடையில் ஒருவர், 'சட்டம் போட்டால் போதும், சங்கம் எதற்கு?' என்று எழுதியிருக்கிறார். சட்டம் இருக்கிறது ஐயா. எல்லைகடந்த புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் 2014 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. வெளிநாட்டில் தீ மூட்டி இங்கே புகையை அனுப்பும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளி வரை, மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அப்படி யாராவது கட்டியதாக நான் இதுவரை படித்ததில்லை. எரிந்த நிலம் யாருடையது என்ற வரைபடம் அடுத்த நாட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கும்போது இங்கே நீதிபதி என்ன செய்வார்?

சங்கங்களின் வேலை எனக்குத் தெளிவாகத் தெரிவது இந்த இடத்தில்தான். 2015 அக்டோபரில் சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றம் ஒரு பெரிய இந்தோனேசியத் தாள் நிறுவனத்தின் பொருள்களுக்குத் தன் பசுமை முத்திரையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. உடனே ஃபேர்பிரைஸ் உள்ளிட்ட பேரங்காடிகள் அந்நிறுவனத்தின் கழிவறைத் தாள், மெல்லிழைத் தாள் கட்டுகளை அடுக்கிலிருந்து எடுத்தன. என் மனைவி வழக்கமாக வாங்கும் கட்டு இருந்த இடம் காலியாக இருந்ததை நானே பார்த்தேன். வழக்கில்லை, சாட்சியில்லை, ஒரு முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். புகைக்கு முகவரி கண்டுபிடித்து, அந்த முகவரிக்குப் போகும் காசை நிறுத்துவது. மரம் நடுவதைவிட, பதாகை பிடிப்பதைவிட இதற்குத்தான் நான் அந்த 20 வெள்ளியைக் கொடுப்பேன்.

2024 மார்ச் 10

'டெல்லியில் வழக்குப் போட்டுக் காற்றைச் சுத்தமாக்கினார்களே, இங்கே ஏன் முடியாது?' என்று உதாரணம் காட்டியவருக்குச் சுருக்கமாக. ஆம், அங்கே 1985இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கும், அனில் அகர்வால் தொடங்கிய அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் ஆய்வும் சேர்ந்துதான் உச்ச நீதிமன்றத்தை அசைத்தன. 1998இல் உத்தரவு, 2002 முடிவதற்குள் பேருந்துகள் எல்லாம் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. ஜக்கார்த்தாவிலும் 32 குடிமக்கள் தொடுத்த வழக்கில் 2021இல் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஆனால் இரண்டு ஊரிலும் புகை அந்த ஊரின் புகை. நீதிமன்றமும் அந்த ஊரில். நமக்கு அந்த வசதி இல்லை. தவிர, டெல்லியின் காற்று இன்று எப்படி இருக்கிறது என்று அங்குள்ள சொந்தக்காரரிடம் கேளுங்கள். ஒருமுறை வென்றால் வென்றதாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

2024 மார்ச் 12

நம் சொந்தப் புகையைப் பற்றி யாருமே பேசவில்லை என்ற குறை நியாயமானது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5க்குப் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். புகைமூட்டமே எட்டிப் பார்க்காத ஆண்டிலும் நாம் அதற்கு மேலேதான் இருக்கிறோம். வாகனம், கப்பல், ஆலை எல்லாம் இருக்கின்றன. 2025 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதியமாட்டார்கள். அது அரசின் முடிவு. அக்கம்பக்கத்து ஆலையைப் பற்றிச் சங்கங்கள் மெல்லிய குரலிலும், சுமத்ராவைப் பற்றி உரத்த குரலிலும் பேசுவதை நானும் கவனித்திருக்கிறேன். தூரத்து நெருப்பைத் திட்டுவது எளிது.

2024 செப்டம்பர் 15

மீண்டும் புகைக் காலம் வந்துவிட்டதால் இந்த இழையைத் தூசு தட்டுகிறேன். ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். நான் கன்று நடப் போன பயணம் ஒன்றின் ஆண்டறிக்கையில் 'நட்ட கன்றுகள்' என்று ஓர் எண் பெரிதாக இருந்தது. ஓராண்டு கழித்து எத்தனை பிழைத்தன என்று ஏற்பாட்டாளருக்கு மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்றாவது முறை, அடுத்த பயணத்துக்கான பதிவுப் படிவம் வந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நன்கொடை கொடுப்பவர் நட்டதைக் கேட்கிறாரே தவிர நின்றதைக் கேட்பதில்லை. முதல் கேள்வியைக் கேட்ட வாசகரே, உங்கள் சங்கத்துக்கு இந்த ஒரு வரியை எழுதிப் பாருங்கள்: போன ஆண்டு அடைத்த வாய்க்காலில் இன்று நீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது? பதில் வந்தால் தொடர்ந்து கொடுங்கள்.

2024 செப்டம்பர் 17

வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார், பதில் வந்ததாம். இரண்டு இடத்தில் அளக்கிறார்கள், ஓரிடத்தில் அணை உடைந்துவிட்டது, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். உடைந்த அணையைப் பற்றி எழுதிய சங்கத்தை நான் நம்புவேன்.

2024 அக்டோபர் 20

பலகாரக் கடைக்கு மறுபடி போனேன். இம்முறை துண்டறிக்கை எடுத்துப் போகவில்லை. மொத்த வியாபாரி மூவரிடம் விலை கேட்டு எழுதிய தாள் ஒன்றுதான். சான்று பெற்ற கலப்புக் கணக்கு எண்ணெய் கிடைக்கிறது, ஆனால் குறைந்தது பத்து டின் சேர்ந்தால்தான் வண்டி அனுப்புவார்களாம். டின்னுக்கு எவ்வளவு கூடும் என்ற எண்ணையும் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தாளைத் தூரப் பிடித்துப் படித்தார்.

"இதைத்தானே அன்னைக்கே கேட்டேன்" என்றார்.

தீபாவளி வரை கைவசம் உள்ள எண்ணெய் ஓடும், அதற்குப் பிறகு மூன்று டின் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எதிர்க்கடை அப்பம்காரர் இரண்டு. மூலையில் இருக்கும் பரோட்டாக் கடையில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் முதலில் பொரித்துப் பார்த்துவிட்டுத்தான். இன்னும் நான்கு டின்னுக்கு ஆள் வேண்டும். அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர் யாரேனும் இதைப் படித்தால் கீழே எழுதுங்கள்.